அக்யூட்டும் க்ரானிக்கும்: நோயின் காலக்கணக்கு

மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போது கையில் கொடுக்கிற டிஸ்சார்ஜ் சம்மரியில், நோயின் பெயருக்கு முன்னால் பெரும்பாலும் ஒரு அடைமொழி ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்று அக்யூட், இல்லையென்றால் க்ரானிக். நோயின் பெயரை கூகுளில் தேடித் தேடிப் படிக்கிறவர்கள்கூட இந்த அடைமொழியை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. கண்ணில் பட்டாலும், அக்யூட் என்றால் ‘ரொம்ப சீரியஸ்’, க்ரானிக் என்றால் ‘முற்றிப்போச்சு, இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது’ என்று தாங்களாகவே ஒரு பொருளை வைத்துக்கொள்கிறார்கள். இரண்டுமே தப்பு. நோய் எவ்வளவு பெரியது என்று இந்தச் சொற்கள் சொல்வதே இல்லை. அது எப்படி வந்தது, எத்தனை நாள் தங்கும் என்பதுதான் இவற்றின் பேச்சு.

சட்டென்று தொடங்கி, மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ உச்சத்துக்குப் போய், ஏதாவது ஒரு முடிவுக்கு வந்துவிடுவது அக்யூட். அந்த முடிவு குணமாகவும் இருக்கலாம், மரணமாகவும் இருக்கலாம். நாலு நாளில் போய்விடுகிற ஜலதோஷம் அக்யூட்தான், மாரடைப்பும் அக்யூட்தான். மெல்ல வந்து, மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கூடவே இருப்பது க்ரானிக். போவதும் வருவதுமாக இருக்கும் பொடுகும் க்ரானிக்தான், வாரம் மூன்று முறை டயாலிசிஸ் கேட்கிற சிறுநீரகச் செயலிழப்பும் க்ரானிக்தான்.

கடுமையைச் சொல்ல ஆங்கில மருத்துவம் தனியாக ஒரு சொல் வைத்திருக்கிறது: சிவியர். 2003-ல் உலகத்தைப் பயமுறுத்திய சார்ஸ் நோயின் முழுப் பெயரைப் பாருங்கள்: சிவியர் அக்யூட் ரெஸ்பிரேட்டரி சிண்ட்ரோம். அக்யூட்டுக்கே கடுமை என்று பொருள் இருந்தால் அதற்கு முன்னால் சிவியர் எதற்கு? கோவிட் வைரஸின் அதிகாரப்பூர்வப் பெயரான சார்ஸ்-கோவ்-2-இலும் இதே இரண்டு சொற்களும் முதலெழுத்துகளாக ஒளிந்திருக்கின்றன. நாம் அக்யூட்டையும் ‘கடுமையான’, ‘தீவிர’ என்றே எழுதிப் பழகிவிட்டோம். அதனால் இப்படி ஒரு பெயரைத் தமிழாக்க உட்கார்ந்தால் ஒரே பொருளில் இரண்டு சொற்கள் வந்து நிற்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே அக்யூட்டைப் பள்ளிக் கணக்குப் புத்தகம் வேறு மாதிரி மொழிபெயர்த்திருக்கிறது. 90 டிகிரிக்குக் குறைந்த கோணம் குறுங்கோணம். ‘குறுகிய’ என்ற அந்தப் பொருள் மருத்துவத்துக்கு எவ்வளவோ பக்கத்தில் இருக்கிறது. க்ரானிக்குக்கு ‘நாள்பட்ட’ என்று கச்சிதமான சொல் நமக்குக் கிடைத்துவிட்டது. ஜோடியில் ஒன்றுக்கு நல்ல சொல், இன்னொன்றுக்குத் தவறான சொல். ‘கடுமையான’ என்பதற்கு எதிர்ப்பக்கத்தில் ‘நாள்பட்ட’ என்று வைத்தால், நாள்பட்டது கடுமையில்லாதது என்ற எண்ணம் தானாக வந்துவிடும் அல்லவா? ஆங்கிலேயர்களும் இதில் யோக்கியம் இல்லை. பிரிட்டனில் பேச்சுவழக்கில் க்ரானிக் என்றால் ‘படுமோசம்’ என்று ஒரு பொருள் உண்டு. நாடகம் க்ரானிக்காக இருந்தது என்றால் சகிக்கவில்லை என்று அர்த்தம்.

வேர்ச்சொற்கள் தெளிவாகவே இருக்கின்றன. அக்யூட்டின் மூலமான லத்தீன் சொல்லுக்குக் கூரியது என்று பொருள். ஊசிக்கான லத்தீன் சொல்லும் அதே குடும்பம்தான். க்ரானிக் வந்தது காலம் என்று பொருள்படும் குரோனோஸ் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து. நோய்களை இப்படி இரண்டாகப் பிரிக்கும் வழக்கம் பழங்கால கிரேக்க மருத்துவர்களிடமே இருந்தது. இன்றைய துருக்கியில் இருக்கும் கப்படோசியாவைச் சேர்ந்த அரெட்டேயஸ் என்ற மருத்துவர், ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன், அக்யூட் நோய்களைத் தனியாகவும் க்ரானிக் நோய்களைத் தனியாகவும் எழுதிவைத்தார். சதை கரைந்து சிறுநீராகப் போகிற நோய் என்று நீரிழிவை அவர் வர்ணித்தது புகழ்பெற்ற பகுதி. அதை அவர் வைத்தது க்ரானிக் பக்கத்தில். இன்றைக்கும் அது அங்கேயேதான் இருக்கிறது.

சரி, இந்த வேறுபாடு நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் என்ன செய்கிறது? சிறுநீரகத்தை எடுத்துக்கொண்டால் நன்றாகப் புரியும்.

இரண்டு பேருக்கு ரத்தப் பரிசோதனை. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இருவருக்கும் 4. வழக்கமாக அது 1-ஐ ஒட்டி இருக்க வேண்டும், ஆக இருவரின் சிறுநீரகமும் நன்றாகவே படுத்திருக்கிறது. முதல் ஆள் வயலில் கண்ணாடி விரியன் கடித்து மூன்று நாளாக வார்டில் கிடக்கும் விவசாயி. இரண்டாம் ஆள் பதினைந்து வருட சர்க்கரை நோயாளி, தானாகவே பஸ் ஏறி வந்து, நம்பர் வரக் காத்திருந்து, ரிப்போர்ட்டை நீட்டுகிறார். காகிதத்தில் ஒரே எண். ஆனால் இரண்டும் ஒரே நோய் இல்லை. பாம்பு கடித்தவருக்கு இந்த வாரத்தில் உயிர் போகலாம். தப்பித்துவிட்டால், சில நாளோ சில வாரமோ டயாலிசிஸ் செய்தபின் பெரும்பாலும் சிறுநீரகம் திரும்ப வேலை செய்யத் தொடங்கும். சர்க்கரை நோயாளிக்கு இந்த வாரம் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் அவர் இழந்தது திரும்பி வராது. மிச்சம் இருப்பதை எவ்வளவு காலத்துக்குக் காப்பாற்றுவது என்பதுதான் அங்கே கேள்வி.

பாம்புக்கடி, சர்க்கரை என்று கதை தெரிந்ததால் நமக்கு எளிதாகிவிட்டது. கதை தெரியாமல் ஒருவர் வாந்தி, சோர்வு என்று வந்து நின்றால்? சிறுநீரக மருத்துவர் முதலில் கேட்பது, “பழைய ரிப்போர்ட் ஏதாவது இருக்கா?” ஆறு மாதத்துக்கு முன் எடுத்த கிரியாட்டினின் 1 என்று ஒரு துண்டுக் காகிதம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கிடைக்காவிட்டால் ஸ்கேன். நல்ல சிறுநீரகம் ஒன்பது முதல் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். சுருங்கிப்போய் எட்டு சென்டிமீட்டராக இருந்தால் பல வருடமாக நடந்த சேதம். ரத்தசோகையும் பழைய சேதத்தின் பக்கம் கைகாட்டும். ஆனால் ஸ்கேனை மட்டும் நம்ப முடியாது. சர்க்கரை நோயில் சிறுநீரகம் கெட்ட பிறகும் சைஸ் குறையாமல் இருப்பது சகஜம். அதனால்தான் அந்தப் பழைய காகிதத்துக்கு அவ்வளவு மதிப்பு. நம் ஊரில் டிவி வாரண்டி கார்டைப் பத்திரப்படுத்துகிற அளவுக்கு ரத்த ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்துகிறவர்கள் குறைவு.

எத்தனை நாள் ஆனால் க்ரானிக்? இதற்குப் பொதுவான ஒரே எண் கிடையாது, உறுப்புக்கு உறுப்பு மாறும். சிறுநீரகத்துக்கு மூன்று மாதம். கிரியாட்டினின் 48 மணி நேரத்தில் 0.3 ஏறினாலே, அல்லது ஏழு நாளில் ஒன்றரை மடங்கு ஆனாலே, அக்யூட் பாதிப்பு என்று வைத்துக்கொள்கிறார்கள். கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்றான ஹெபடைட்டிஸ் பி-க்கு ஆறு மாதம். இருமல் மூன்று வாரத்துக்குள் இருந்தால் அக்யூட், எட்டு வாரத்தைத் தாண்டினால் க்ரானிக், நடுவில் இருப்பதற்கு சப்-அக்யூட் என்று பெயர். வயிற்றுப்போக்கு பதினான்கு நாள் வரை அக்யூட். வலியில் கோடு மூன்று மாதத்தில் விழுகிறது. இந்த எண்கள் வானத்திலிருந்து விழுந்தவை இல்லை. தானாக ஆற வேண்டியது இத்தனை நாளில் ஆறியிருக்க வேண்டும் என்ற அனுபவக் கணக்கு. ஆறவில்லை என்றால் வேறு எதையோ தேட வேண்டும்.

வலியில் இந்தக் கோடு சிகிச்சையையே தலைகீழாக்கிவிடும். எலும்பு முறிந்தால் வரும் வலி ஓர் எச்சரிக்கை. அசையாதே என்கிறது, அசையாமல் இருப்பது நல்லது. ஆனால் ஒரு வருடமாக இருக்கும் முதுகுவலிக்குப் படுத்தே கிடந்தால் தசை பலவீனமாகி வலி கூடும். அங்கே நடக்கச் சொல்வார்கள், உடற்பயிற்சி செய்யச் சொல்வார்கள். 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல், க்ரானிக் வலியில் ஒரு வகையைத் தனி நோயாகவே சேர்த்துக்கொண்டது. அலாரம் அடிக்கக் காரணமானது போன பிறகும் அலாரமே நோயாகிவிடுகிறது.

அமைதியாக இருப்பது லேசானது என்ற நம்பிக்கையை உடைக்க ஹெபடைட்டிஸ் பி-யை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஒரே வைரஸ். நடுவயதுக்காரருக்குத் தொற்றினால் கண் மஞ்சளாகி, சாப்பாடு பிடிக்காமல், வீடே பதறும். ஆனால் அவர்களில் 95 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் உடல் வைரஸை விரட்டித் தேறிவிடுகிறார்கள். பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றினால் ஓர் அறிகுறியும் இருக்காது. மஞ்சள் இல்லை, காய்ச்சல் இல்லை. ஆனால் அப்படித் தொற்றிய பச்சிளங்குழந்தைகளில் 90 சதவீதம் பேருக்கு அது க்ரானிக் ஆகிறது. முப்பது, நாற்பது வயதில் கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ வெளியே வரும்போதுதான் தெரியும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசியைப் போட்டுவிட வேண்டும் என்று அவ்வளவு பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். சத்தம் போட்ட நோய் வெளியேறிவிடுகிறது, சத்தமில்லாதது குடியேறிவிடுகிறது.

க்ரானிக் என்றால் தீராதது என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. பக்கத்து வீட்டு வைரஸான ஹெபடைட்டிஸ் சி அதற்குச் சாட்சி. பல வருடமாகக் கல்லீரலைத் தின்றுகொண்டிருக்கும் க்ரானிக் தொற்றை, சோஃபோஸ்புவிர் சேர்ந்த மாத்திரைகள் பெரும்பாலும் பன்னிரண்டே வாரத்தில் அடியோடு நீக்கிவிடுகின்றன. 2013-க்கு முன் இப்படிச் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். எத்தனை நாளாக இருக்கிறது என்பது ஒரு கேள்வி, போகுமா என்பது இன்னொரு கேள்வி.

ரத்தப் புற்றுநோயில் குழப்பம் இன்னும் பெரியது. அங்கே அக்யூட், க்ரானிக் என்ற பெயர்கள் மருந்து இல்லாத காலத்தில் வைக்கப்பட்டவை. வாரங்களில், மாதங்களில் உயிரை எடுத்தது அக்யூட். சில வருடம் விட்டுவைத்தது க்ரானிக். இன்று பார்த்தால் இந்தப் பெயர்களை வைத்து நம்பிக்கையையும் பயத்தையும் பங்கிடவே முடியாது. குழந்தைகளுக்கு வரும் அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கேமியாவில் 1960-களின் தொடக்கத்தில் நூறில் பத்துக் குழந்தைகள்கூடத் தேறியதில்லை. இன்று வசதியுள்ள நாடுகளில் நூறில் தொண்ணூறு பேர் குணமாகிறார்கள். குணம் என்றால் மருந்தை நிறுத்திவிட்டுப் பள்ளிக்கூடம் போகிற குணம். மறுபக்கத்தில், முதியவர்களுக்கு வரும் க்ரானிக் லிம்ஃபோசைட்டிக் லுக்கேமியாவை அடியோடு ஒழிப்பது அரிது. ஆனால் பலருக்குப் பல வருடம் மருந்தே தொடங்காமல் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். புற்றுநோய் என்று சொல்லிவிட்டு மருந்து தராமல் அனுப்பும் டாக்டரை நம் குடும்பங்கள் எப்படிப் பார்க்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொரு வகையான க்ரானிக் மைலாய்ட் லுக்கேமியாவின் கதையில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. இந்த நோய்க்கு 2001-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாட்டினிப் மாத்திரை, ரத்தப் புற்றுநோயை சர்க்கரை வியாதி மாதிரி மாற்றிவிட்டது: தினமும் ஒரு மாத்திரை, வேலைக்குப் போகலாம், ஆனால் பெரும்பாலோர் விடாமல் சாப்பிட வேண்டும். இதன் ஒரு வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு, மருந்தைத் தயாரிக்கும் நோவார்டிஸ் நிறுவனம் 1998-ல் விண்ணப்பித்தது சென்னை காப்புரிமை அலுவலகத்தில். 2006 ஜனவரியில் அந்த அலுவலகம் நிராகரித்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு வாரியம் என்று சுற்றி, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத்தில் நிறுவனத்துக்கு எதிராக முடிந்தது. நிறுவனத்தின் மாத்திரை மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய், இந்திய ஜெனரிக் மாத்திரை 8,000 முதல் 10,000 ரூபாய் வரை என்று அப்போது செய்திகளில் அடிபட்டது. ஒரு வாரம் சாப்பிட்டு நிறுத்துகிற மருந்தாக இருந்திருந்தால் சண்டை இவ்வளவு தூரம் போயிருக்குமா என்பது சந்தேகம். விலையை ஆயுசால் பெருக்க வேண்டிய நோய் இது.

நோய்க்கு வேண்டுமானால் இரண்டு பெயர் இருக்கட்டும், நோயாளியின் மனசு ஒன்றுதானே. அது அக்யூட் நோய்க்குப் பழகிய மனசு. காய்ச்சல் வந்தால் மாத்திரை, காய்ச்சல் விட்டால் மாத்திரையை நிறுத்து. இதே பழக்கத்தை ரத்த அழுத்தத்துக்கும் கொண்டுவருகிறோம். “பிரஷர் நார்மல் ஆயிடுச்சு, அதான் மாத்திரையை விட்டுட்டேன்” என்ற வாக்கியத்தைக் கேட்காத டாக்டர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. மாத்திரையால்தான் நார்மல் என்பது அந்த வாக்கியத்தில் விட்டுப்போகிறது. இரண்டு வருடம் ஒன்றும் தெரியாது, தலைவலிகூட இராது. அப்புறம் ஒரு காலையில் வாய் கோணி, கை தூக்க முடியாமல் போகும். அந்தப் பக்கவாதம் அக்யூட். அதைத் தயார் செய்தது க்ரானிக்.

மருத்துவமனைகளும் நெடுங்காலம் இதே மனசோடுதான் இருந்தன. வா, படு, ஊசி போடு, அனுப்பு. தமிழ்நாடு அரசு 2021-ல் தொடங்கிய இரண்டு திட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த இரண்டு சொற்களுக்கும் விளக்கமே தேவையில்லை. டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’, சாலை விபத்தில் அடிபட்டவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. கடிகாரத்தோடு ஓட்டப்பந்தயம். அதற்கு முன் ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. இங்கே ஓட்டமே இல்லை. மாதா மாதம் அதே வாசல், அதே மாத்திரை. முதல் திட்டத்தின் வெற்றி ஒரே இரவில் கண்ணுக்குத் தெரியும். இரண்டாவதன் வெற்றி என்பது பத்து வருடம் கழித்து வராமல் போகிற பக்கவாதம். வராமல் போனதை யார் படம் எடுத்துப் போடுவார்கள்?

கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும் என்ற இந்தப் பிரச்சினை மருத்துவமனைக்கு வெளியிலும் உண்டு. பூச்சிமருந்து டப்பாவில் ஒரு சாய்சதுரக் குறி இருக்கும், அதன் கீழ்ப்பாதியில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று ஏதாவது ஒரு நிறம். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, பச்சை குறைந்த நஞ்சு என்று கடைக்காரரும் சொல்வார், விவசாயியும் நம்புவார். அந்த நிறம் அளப்பது அக்யூட் நச்சுத்தன்மையை மட்டும். ஒரே தடவையில் எவ்வளவு கொடுத்தால் சோதனை விலங்குகளில் பாதி சாகும் என்ற கணக்கு அது. பதினைந்து வருடம் கைத்தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு, லுங்கியும் துண்டுமாகத் தெளித்தவருக்கு என்ன ஆகும் என்பதைப் பற்றி அந்த நிறம் வாயே திறக்காது. பச்சை என்பதைப் பாதுகாப்பு என்று படிப்பது, இல்லாத வரியைப் படிப்பது.

அக்யூட்டில் காரணத்தைக் கண்டுபிடிப்பதும் எளிது. குடித்தான், மயங்கினான், டப்பா பக்கத்திலேயே கிடக்கிறது. க்ரானிக்கில் தடயமே ஆறிப்போயிருக்கும். இலங்கையின் வட மத்திய மாகாணத்தில், அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்து நெல் விவசாயிகளிடையே 1990-களிலிருந்து ஒரு க்ரானிக் சிறுநீரக நோய் பரவலாக இருக்கிறது. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. குடிநீரின் கடினத்தன்மை, ஃபுளோரைடு, பூச்சிமருந்து, வெயிலில் உடல் வற்றிப்போவது என்று பலதையும் சந்தேகித்திருக்கிறார்கள். இதுதான் என்று இன்னும் எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. நோயின் பெயரிலேயே ‘காரணம் அறியப்படாத’ என்று சேர்த்துவிட்டார்கள்.

குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைபாட்டையும் இதே இரண்டு சொற்களால்தான் பிரிக்கிறார்கள். உயரத்துக்கு ஏற்ற எடை இல்லாமல் எலும்பும் தோலுமாக இருப்பது அக்யூட் குறைபாடு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் மேற்கையைச் சுற்றி ஒரு நாடாவைக் கட்டி அளந்து, 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் உடனடிச் சிகிச்சை. வயதுக்கு ஏற்ற உயரம் இல்லாதது க்ரானிக் குறைபாடு. அந்தக் குழந்தை ஓடும், ஆடும், சிரிக்கும். குட்டையாக இருக்கிறது, அப்பாவும் குட்டைதானே என்று விட்டுவிடுவார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 19.3 சதவீதக் குழந்தைகளுக்கு முதல் வகை, 35.5 சதவீதத்தினருக்கு இரண்டாம் வகை. தமிழ்நாட்டில் 14.6-உம் 25-உம். பஞ்சம் பற்றிய புகைப்படங்களில் நாம் பார்ப்பது முதல் வகையை மட்டுமே.

இந்த இரண்டு சொற்களும் ஒன்றுக்கொன்று எதிர் என்றாலும் ஒரே ஆளின் சம்மரியில் சேர்ந்தும் வரும். ‘அக்யூட் ஆன் க்ரானிக்’ என்று எழுதியிருப்பார்கள். ஏற்கெனவே பாதி கெட்டிருந்த சிறுநீரகத்தில், நாலு நாள் வயிற்றுப்போக்கால் உடம்பில் நீர் வற்றியதோ, மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போட்ட வலிமாத்திரையோ புதிதாக ஓர் அடி கொடுத்திருக்கிறது என்று அர்த்தம். கிரியாட்டினின் 2-ல் இருந்தது 5 ஆகியிருக்கும். குடும்பம் கேட்கிற கேள்வி, “பழையபடி ஆயிடுவாரா டாக்டர்?” ஆகலாம். ஆனால் இங்கே ‘பழையபடி’ என்றால் 1 இல்லை, 2. டயாலிசிஸ் செய்து, நீர் ஏற்றி, வலிமாத்திரையை நிறுத்தி, 5-ஐ 2-க்குக் கொண்டுவந்துவிட்டால் மருத்துவர் தன் வேலை முடிந்தது என்று நினைப்பார். வீட்டில் இருப்பவர்கள் இன்னும் குணமாகவில்லையே என்று அடுத்த ஆஸ்பத்திரியைத் தேடுவார்கள். அங்கேயும் முதலில் கேட்கப்போவது பழைய ரிப்போர்ட்டைத்தான்.